புதிதாகக் கற்றது என்ற கட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். இது அந்த ரகம் இல்லை. கதையின் பொய் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும். இதுவோ அலுவலகப் படிவத்தில், தேதி போட்டு, பதிவெண் போட்டு, ஒரு தாயின் கைக்குப் போய்ச் சேர்ந்த பொய். ஒரே ஒரு வரி. அதை எழுதியவள் நான்.

அனுப்பியவள் என் அக்கா. அதனால் கதை அக்காவுடையது. நான் இடையிடையே தலையை நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதட்டுமா என்று கேட்டபோது அக்கா மூன்று நிபந்தனை போட்டாள்.

"யார் பேரையும் போடாதே. நடக்காததை எழுதாதே. நான் அழுதேன்னு எழுதாதே."

மூன்றுக்கும் தலையாட்டினேன். பெயர் போடாமல் எழுதிவிடலாம். நடக்காததை எழுதாமலிருப்பதுதான் பெரும்பாடு. பதினைந்து வருடமாக அதைத்தான் தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: கோடையின் முதல் திங்கட்கிழமை, பதினெட்டுப் பெட்டிகளின் சக்கரங்கள் நடைபாதையில் —

(பெட்டியில் தொடங்கும் கதைகள் ஊருக்கு நூறு இருக்கின்றன. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: அவள் தண்ணீரைப் பார்த்த விதத்திலேயே —

(அவள் தண்ணீரைப் பார்த்ததை அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இதையும் அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று, உள்ளதை உள்ளபடி: எங்கள் ஊரில் ஒரு மொழிப் பள்ளி இருக்கிறது. கோடை விடுமுறையில் வேறொரு நாட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் ஆறு வாரத்துக்கு அங்கே படிக்க வருவார்கள். காலையில் மொழி வகுப்பு. மதியம் அருங்காட்சியகம், அச்சகம், குடிநீர் சுத்திகரிக்கும் நிலையம் என்று எங்காவது கூட்டிப்போய் நிறுத்தி, பார்த்ததைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். தங்குவது ஊர்க்காரர்கள் வீட்டில். பிள்ளைகளின் வீட்டு மொழி அக்காவுக்குத் தெரியும் என்பதால் அவள்தான் பொறுப்பாளர். பல்வலி என்றால் மருத்துவரிடம் ஓடுவது, தொலைந்த பாஸ்போர்ட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுப்பது, இவனோடு அவன் பேசவில்லை என்ற வழக்கைத் தீர்ப்பது, எல்லாம் அவள் தலையில்.

கைபேசிகளை முதல் நாளே வாங்கி ஒரு மரப்பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் ஊர் மொழியில் பேசிப் பழக வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பேச அரை மணி நேரம் கிடைக்கும். பெற்றோர் பதறக் கூடாதே என்று இதற்கு ஈடாக ஓர் ஏற்பாடு: வெள்ளிக்கிழமைதோறும் பதினெட்டு வீட்டுக்கும் பொறுப்பாளர் மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அதற்குப் படிவம் உண்டு. உடல்நலம், சாப்பாடு, நண்பர்கள், கடைசிக் கட்டம் 'புதிதாகக் கற்றது'. எதையும் காலியாக விடக் கூடாது. இயக்குநர் கடிதங்களைப் படிப்பதில்லை. காலிக் கட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அதில் அவர் புலி.

ஆறாவது வாரம் மட்டும் வேறு முறை. கடைசிக் கடிதத்தைப் பிள்ளையே காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டித் தர வேண்டும். பொறுப்பாளர் அதைப் பிரிக்காமல் தபாலில் சேர்க்க வேண்டும். பிள்ளை வீடு போய்ச் சேர்ந்து, அழுக்குத் துணியெல்லாம் துவைத்துக் காய்ந்த பிறகு, பின்னாலேயே கடிதம் வரும். பல வருடத்துப் பழக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

3

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள். பதினேழு கடிதம் முடிந்திருந்தது. பதினெட்டாவதில் முட்டிக்கொண்டு நின்றாள்.

பதினெட்டாவது பெண்ணுக்குப் பதினாறு வயது. கொளுத்தும் வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பாள். இரண்டாம் நாளே மற்ற பிள்ளைகள் அவளுக்கு மஃப்ளர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பினாள். வகுப்புக்கு நேரத்துக்கு வருவாள், கேட்டால் சரியான பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாயே திறக்க மாட்டாள். அவள் தங்கியிருந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் வீட்டில். அவரிடம் அக்கா விசாரித்தபோது, "நல்ல பொண்ணுங்க. வீட்ல இருக்காளா இல்லையான்னு எட்டிப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்" என்றாராம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"ஏதாவது சொல்லுடி. இல்லாததையெல்லாம் எழுதற ஆளுதானே நீ."

"பாட்டு கத்துக்கறான்னு போடு."

"வீட்டுக்கு வந்து பாடச் சொன்னா?"

"சமையல்?"

"அந்த வீட்டம்மா அடுப்படியில ஈ, எறும்பைக்கூட விடமாட்டா. எனக்கு வீட்டுக்குப் போகணும்டி, காலு வலிக்குது."

நான் அப்போதுதான் நகராட்சி நீச்சல் குளத்திலிருந்து வந்திருந்தேன். தலையிலிருந்து மேசையில் சொட்டு விழுந்தது. அக்கா முகம் சுளித்துத் துடைத்தாள். திட்டத்தில் வரும் பிள்ளைகளுக்கு அந்தக் குளத்துக்கு இலவச நுழைவுச்சீட்டு உண்டு என்பது நினைவுக்கு வந்தது. மடிக்கணினியை இழுத்துத் தட்டினேன்:

'இந்த வாரம் நீச்சல் பழகத் தொடங்கினாள். முதலில் தயங்கினாலும், இப்போது தண்ணீரை விட்டு வெளியே வரவே மனமில்லை.'

முதல் முற்றுப்புள்ளிக்கு முன்னால் இருப்பது பொய். பின்னால் இருப்பது இலக்கியம். அந்தத் தாயை நம்ப வைத்தது பின்பாதிதான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

[முதல் வரைவில், அக்கா அந்த வரியைப் படிக்காமலே அனுப்பிவிட்டாள் என்று எழுதியிருந்தேன். பழி முழுக்க என்மேல் விழட்டும் என்று. அக்கா வரைவைப் படித்துவிட்டுச் சொன்னது: "ரெண்டு தடவை படிச்சேன். சிரிச்சேன். அப்புறம்தான் அனுப்பினேன். அதையே எழுது."]

4

ஞாயிற்றுக்கிழமை. பள்ளியின் கூடத்தில் மரப்பெட்டி திறந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் போனோடு குந்திக்கொண்டார்கள். பொறுப்பாளர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும், காதில் விழும் தூரத்தில் இருக்கக் கூடாது. அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மஃப்ளர் தூணில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் நின்றது. அவள் தலையை உயர்த்திக் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு பார்வையை எடுக்காமலே போனில் ஏதோ ஒரு சொல் சொன்னாள். 'ஆமா' என்று இருக்கலாம் என அக்காவுக்குத் தோன்றியது. வீட்டு ஏக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பேசியாச்சாம்மா?"

"ஆச்சு மேடம்."

போனைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாவின் மின்னஞ்சல் வந்தது. அக்கா அதை எனக்கு அனுப்பவில்லை. நேரில் வந்து வாசித்துக் காட்டினாள். சுருக்கமாகச் சொல்கிறேன். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா பைக்குள் எதையோ தேடியிருக்கிறார். நிமிர்ந்தபோது குழந்தை தண்ணீருக்குள். அவரே குதித்து இழுத்துப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து மகள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவிட்டதில்லை. கழுத்தில் ஈரம் பட்டால் நடுங்குவாள், அதனால்தான் அந்த மஃப்ளர். அந்தப் பையில் எதைத் தேடினேன் என்பது பத்து வருடமாக எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'உங்கள் கடிதம் வந்த அன்று, பத்து வருடத்தில் முதல் தடவையாக, நான் நடுவில் எழுந்திருக்காமல் தூங்கினேன்.'

அக்கா வாசித்து முடித்தாள். (அழுதாளா என்று கேட்காதீர்கள். நிபந்தனை இருக்கிறது.)

"ஏண்டி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கோம் தெரியுமா?"

ஒரு திருத்தக் கடிதம் எழுதலாம் என்றேன். எழுத உட்கார்ந்தேன்.

'நிர்வாகப் பிழை காரணமாக —'

'மன்னிக்கவும், சென்ற வாரக் கடிதத்தில் —'

'அன்புள்ள அம்மா, உங்கள் மகள் —'

எதுவும் முடியவில்லை. தூங்கும் ஒருத்தியை உலுக்கி எழுப்புவதற்கு நல்ல நடை என்று எதுவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கா புதிதாகக் கற்றது என்ற கட்டத்தில் 'வகுப்பில் கவனமாக இருக்கிறாள்' என்று எழுதி அனுப்பினாள். பழைய வரியைத் திருத்தவில்லை. இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை, வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

5

அந்த வெள்ளிக்கு முந்தைய நாளே பள்ளி முகவரிக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. விதிப்படி பொறுப்பாளர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். மஃப்ளர் அக்காவின் மேசையில் வைத்துப் பிரித்தாள். நாடா வைத்த நீலப் பை ஒன்று. அதற்குள் நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, பெரிய துண்டு. துண்டுக்குள் ஒரு சீட்டு. அவள் அதைப் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள். 'ஆழத்துக்குப் போகாதே. போனாலும் பரவாயில்லை.'

அக்கா உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்று அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இங்கே எனக்கு அந்தப் பெண்மேலேயே சந்தேகம் வந்தது. பதினாறு வயதில் ஒருத்தி இவ்வளவு அழுத்தமாக இருப்பாளா? தன்னைப் பற்றி ஊரறிய ஒரு பொய் ஓடிக்கொண்டிருக்கும்போது, யார் கிளப்பிவிட்டது என்றுகூடக் கேட்க மாட்டாளா? வாசகர் நம்ப மாட்டாரே என்று, வரைவில் அவளைக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பத்தி அழ வைத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அக்கா அதன் குறுக்கே கோடு போட்டு ஓரத்தில் எழுதினாள்: 'அவ அழல. நீ அழற.'

6

மூன்றாவது வாரம், புதன்கிழமை மதியம். பதினேழு பிள்ளைகள் குடிநீர் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். மஃப்ளர் தலைவலி என்று ஓட்டுநர் வீட்டில் படுத்திருந்தாள். இரண்டே காலுக்கு அந்த வீட்டம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போன்.

"பொண்ணு ரூம்ல இல்லீங்க. கதவுக்குப் பின்னாடி ஒரு நீலப் பை மாட்டியிருந்துச்சு, அதையும் காணோம்."

அக்கா பிள்ளைகளை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "பை இல்லடி" என்று மட்டும் சொன்னாள். போன் அணைந்துவிட்டது.

கதை எழுதத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பகுதியை முறிப்பார்கள். அடுத்த பகுதியைப் பத்து வருடத்துக்கு முன்பிருந்து ஆரம்பிப்பார்கள். ஏரி, குழந்தை, பை என்று நிதானமாகச் சுற்றிவந்து உங்களைத் தவிக்க விடுவார்கள். நானும் செய்திருக்கிறேன், பல கதையில்.

இதில் செய்ய மாட்டேன். பெண் பத்திரம். ஒரு கீறல்கூட இல்லை. மூச்சை விடுங்கள்.

எனக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. மேசையில் போனை வைத்துக்கொண்டு பதினேழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். குளத்தின் ஆழமான முனையில் எத்தனை அடி என்று எனக்குத் தெரியும், வாரத்துக்கு மூன்று நாள் அதில்தான் நீந்துகிறேன். அந்தப் பதினேழு நிமிடமும் என் வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீரை விட்டு வெளியே வரவே மனமில்லை. எவ்வளவு அழகாக எழுதிவிட்டேன் பாவி.

பதினெட்டாவது நிமிடம் போன் அடித்தது. அக்காவின் போன் இல்லை, குளத்து அலுவலக எண்.

"இருக்கா. சும்மா உக்காந்திருக்கா. வெச்சிடறேன்."

அப்பாடா என்ற சொல்லை எத்தனையோ கதையில் எத்தனையோ பேர் வாயில் வைத்திருக்கிறேன். அன்றுதான் அது என் வாயிலிருந்து தானாக வந்தது. எழுந்து போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

7

அக்கா போனபோது குளத்தில் கூட்டமில்லை. குழந்தைகளுக்கான ஆழமில்லாத பக்கத்தில், இறங்கும் படியில், நீச்சலுடைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஃப்ளர். முழங்கால்வரை தண்ணீர்.

குளத்துக்குக் காவல் இருக்கும் பெண்மணி, கழுத்தில் விசிலோடு, அக்காவை வாசலிலேயே மறித்துச் சத்தம் குறைத்துச் சொன்னாள்.

"பதறாதீங்க. சனிக்கிழமையிலேர்ந்து வருது இந்தப் பொண்ணு. திங்கள் லீவு. இன்னையோட நாலு நாள். மொத நாளு செருப்பைக்கூடக் கழட்டல. நேத்து சாப்பாட்டு நேரத்துல வந்து கணுக்காலு. இன்னைக்குத்தான் இவ்வளவு. நான் கண்ணெடுக்கல, கவலைப்படாதீங்க."

அக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்டுவதற்கு ஒரு முழு உரையை வழியெல்லாம் தயார் செய்துகொண்டே ஓடி வந்திருந்தாள். பக்கத்தில் போனதும் முதல் சொல் மறந்துபோயிற்று. செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்தாள். பாவாடை நனைந்தது.

"சொல்லிட்டு வரக் கூடாதாம்மா?"

"சொன்னா நீங்க வருவீங்க மேடம். நீங்க வந்தா பாத்துக்கிட்டே இருப்பீங்க."

"சாயங்காலம் வரக் கூடாதா?"

"மூணு மணிக்கு மேல சின்னப் பசங்க வந்து தண்ணியை அடிப்பாங்க. கழுத்துல தெறிக்கும்."

அக்கா நனைந்த செருப்பைக் கழற்றி மேல்படியில் வைத்தாள்.

"அந்தக் கடிதத்துல நான் பொய் எழுதிட்டேன்" என்றாள் அக்கா.

(கவனியுங்கள், நான் என்றாள். தங்கச்சி எழுதினாள் என்று சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் சொல்லவே இல்லை.)

"தெரியும் மேடம்."

"பின்ன அம்மாகிட்ட ஏன் ஆமான்னு சொன்னே?"

அந்தப் பெண் காலைத் தண்ணீருக்குள் மெல்ல ஆட்டினாள். ஆறு வாரத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது இது ஒன்றுதான் என்பாள் அக்கா.

"எங்கம்மா அழுதாங்க மேடம். சந்தோஷமா அழுதாங்க. நான் குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளிய நிப்பாங்க. மழை வந்தா என் மூஞ்சியையே பாப்பாங்க. எனக்கு பயம்தான், ஆனா அவங்க பயத்தைப் பாத்து எனக்கு இன்னும் பயம். அன்னைக்கு போன்ல வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"நான் அம்மாகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம். நான் சொல்றேன். என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியல. கடைசி லெட்டர் நாங்கதானே எழுதணும்? அதுல சொல்றேன்."

அக்கா தலையசைத்தாள். எழுந்திருக்கப் போனபோது அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அடுத்த தடவை என்னைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்க மேடம்."

8

அக்கா நேராக இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பொய், ஞாயிற்றுக்கிழமை, பார்சல், குளம். அவர் முதலில் கடிகாரக் கணக்குப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைக் காணவில்லை என்றால்தான் வீட்டுக்குத் தகவல் தர வேண்டும். இது நாற்பத்திரண்டு நிமிடம். அப்பாடா என்று அவரும் சாய்ந்தார். பிறகு வரியைப் படித்தார்.

"நல்லாத்தானே எழுதியிருக்கீங்க" என்றார், பாராட்டா குற்றச்சாட்டா என்று தெரியாத குரலில். கடைசிக் கடிதம்வரை காத்திருக்கலாம், அதில் அந்தப் பெண் சொல்லாவிட்டால் அக்காவே அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், வீடு புகார் கொடுத்தால் அக்காவுக்கு அடுத்த வருடம் வேலை கிடையாது. இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எந்தக் கட்டமும் காலியாக இல்லை.

அந்த வாரத்திலிருந்து கடிதம் எழுதும் முறை மாறியது. வெள்ளி மதியம் அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வாரம் வீட்டுக்கு உன்னைப் பத்தி என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். அவர்கள் சொன்னதையே எழுதினாள். ஒருவன், "பதினாலு பஸ் ரூட்டு மனப்பாடம்" என்றான். ஒருத்தி, "வெங்காயம் சாப்பிட ஆரம்பிச்சுட்டேன், ஆனா அம்மாகிட்ட சொல்லாதீங்க, அங்கேயும் போட ஆரம்பிச்சுடுவாங்க" என்றாள். ஒருவன் அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "தனியா இருந்தா போரடிக்கல" என்றான். பெற்றோரிடமிருந்து பதில்கள் வந்து குவிந்தன. இது என் பிள்ளைதான் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

மஃப்ளர் ஒவ்வொரு வாரமும் சொன்னது ஒன்றேதான்: "வெயில் நல்லா இருக்குன்னு எழுதுங்க."

குளத்துக்கு அவள் போய்வந்தாள். ஓட்டுநர் தன் வண்டியில் கொண்டுவிட்டு, வாசலில் காத்திருந்து கூட்டிவந்தார். உள்ளே விசில்காரம்மா பொறுப்பு. அக்கா போகவில்லை, கேட்கவுமில்லை. நானும் அந்த ஆறு வாரம் முடியும்வரை குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை. இடுப்பில் இரண்டு கிலோ ஏறியது.

9

ஆறாவது வாரம், சனிக்கிழமை. பிள்ளைகள் விமானம் ஏறிவிட்டார்கள். அக்காவிடம் ஒட்டிய உறைகள் பதினெட்டு. தபால் பெட்டிக்கு நானும் கூடப் போனேன். பதினேழை அவள் போட்டாள். பதினெட்டாவதை நான் வாங்கி —

(இதை எழுத வேண்டுமா? சரி, எழுதிவிடுகிறேன்.)

— வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். உறை மெல்லியது. உள்ளே ஒரே தாள், மடித்திருந்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன. ஒரு சொல் பிடிபட்டுவிடும் போலிருந்தது. இந்தக் கதையின் முடிவு என் கைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அப்போதுதான்.

அக்கா வெடுக்கென்று பிடுங்கினாள். அவள் வேலை அந்த உறைக்குள்தான் இருந்தது. அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாலும் அக்காதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இருந்தும் அவள் அதை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் போட்டாள். விழுந்த சத்தம் கேட்டதும் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அடங்கவே மாட்டியா நீ?"

10

முடிவுகள்:

அ) கடைசி நாள். பதினேழு பேர் கரையில் கைதட்ட, அவள் குளத்தின் அந்தக் கோடிவரை —

(பதினேழு பேரும் அன்று கடைத்தெருவில் பரிசுப்பொருள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.)

ஆ) விமான நிலையத்தில் மஃப்ளரைக் கழற்றி அக்காவின் கழுத்தில் போட்டு —

(கழுத்தில் சுற்றிக்கொண்டேதான் விமானம் ஏறினாள். எனக்காகக் கழற்றுவாளா?)

இ) புகார் வந்தது. அக்கா தன் மேசையைக் காலி செய்து —

(இல்லை. அக்கா இந்த வருடமும் பொறுப்பாளர்தான். போன வாரம்கூட யாருக்கோ பல்வலி.)

நடந்தது இது. இரண்டு வாரம் கழித்து, அக்கா அந்த வீட்டுக்குப் போன் செய்ய எண்ணைக்கூட எடுத்து வைத்துக்கொண்டிருந்த காலையில், அந்த அம்மாவின் மின்னஞ்சல் வந்தது. மூன்று பக்கம் எழுதக்கூடியவர் மூன்றே வரி எழுதியிருந்தார்.

'இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தை எழுதியவருக்கு எழுத்து நன்றாக வருகிறது. கடைசிக் கடிதத்தை எழுதியவளுக்கு அதைவிட நன்றாக வருகிறது. நான் தூங்குகிறேன்.'

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் தூங்குகிறார். அக்கா அந்தக் கடைசி வரியைச் சத்தமாக நாலு தடவை வாசித்தாள். பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தாள். (அவ்வளவுதான் எழுதுவேன்.)

அவள் நீந்தினாளா? குளத்துக்கு நான் திரும்பப் போன முதல் நாளே விசில்காரம்மாவிடம் கேட்டேன். "அதை அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க" என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆகவே அந்தப் பெண்ணிடமே கேட்டேன். இந்தக் கதை முழுவதையும் அவளுக்கு அனுப்பினேன். அந்த வரியை எழுதியவள் நான்தான் என்றும், வெளியிடலாமா என்றும் எழுதினேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு மாதம் பதிலே இல்லை. அந்த ஒரு மாதமும் ஒரு வரிகூட மாற்றாமல் காத்திருந்தேன். எனக்கு அது புதிது.

பதில் வந்தது. இரண்டு திருத்தம் சொல்லியிருந்தாள்.

'விசில்காரம்மா நாலு நாள்னு சொன்னது தப்பு. அஞ்சு நாள். அவங்க பாக்கல. வெள்ளிக்கிழமையே வந்தேன். கதவு வரைக்கும் வந்து கைப்பிடியைத் தொட்டுட்டுத் திரும்பிப் போயிட்டேன். அதையும் கணக்குல சேத்துக்கோங்க.'

சேர்த்துக்கொண்டேன். ஏழாவது பகுதியில் நாலு என்று இருப்பதை வாசகர்கள் ஐந்து என்று படித்துக்கொள்ளவும்.

இரண்டாவது: 'கடைசி லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு நீங்க ஊகிச்சு எழுதல. அப்படியே இருக்கட்டும்.'

முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு நழுவுவது எங்கள் தொழிலில் பழக்கம். உங்களிடம் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் நல்லவர்கள், அவளுக்கு நல்லதாகத்தான் ஏதாவது எழுதிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

அதனால் புதிதாகக் கற்றது என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, கதையைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இயக்குநர் பார்த்தால் திட்டுவார். திட்டட்டும்.